கண்ணைத் திறந்தால் காணாமல் போகும் ஓவியம்

கேள்வி: மேடையில் வயலின் வாசிக்கிறவர் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறார். அவருடைய மூளை அலைகளே பின்னால் திரையில் வண்ண ஓவியமாக விரிகின்றன. கலைஞரின் மனத்தை நேரடியாகப் பார்க்கும் காலம் வந்துவிட்டதல்லவா? (ஒரு வாசகர்)

பதில்: மனத்தைப் பார்த்தீர்களோ இல்லையோ, அவர் தாடையை நன்றாகவே பார்த்திருப்பீர்கள்.

மூளையின் மின் அலை மண்டையோட்டைத் தாண்டி உச்சந்தலைக்கு வருவதற்குள் சில பத்து மைக்ரோவோல்ட்டாகத் தேய்ந்துவிடுகிறது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் ஒரு கூறுதான் மைக்ரோவோல்ட். கண் இமைத்தாலோ பல்லைக் கடித்தாலோ எழுகிற மின்துடிப்பு அதைவிடப் பெரியது. அதனால்தான் மூளை அலையைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை எடுக்கும்போது ஆடாமல் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். வயலினைத் தாடையில் இடுக்கி, புருவத்தை நெரித்து, தலையை ஆட்டி வாசிப்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

சரி, தசையின் துடிப்பையெல்லாம் வடிகட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் கிடைப்பது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற எண்கள்தான். அமைதியாக இருக்கும்போது எழும் மெதுவான ஆல்ஃபா அலை கூடினால் நீலம், அதைவிட வேகமான பீட்டா அலை கூடினால் சிவப்பு என்பது மூளைக்குள் எங்கும் எழுதியிருக்கவில்லை; புரோகிராம் எழுதியவர் வைத்த கணக்கு அது. அவர் நிறத்தை மாற்றிப் போட்டிருந்தால் அதே அமைதி தீப்பிடித்து எரிந்திருக்கும். ஓவியர் அவர்தான். அழைப்பிதழில் அவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

இந்த யோசனையே போலி என்று நான் சொல்லவில்லை. 1965-இல் ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தலையில் மின் அலையை வாங்கும் எலெக்ட்ரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆல்ஃபா அலை நொடிக்குச் சுமார் 10 சுற்று. நம் காதுக்கு எட்டுவதோ 20-க்கு மேல். எனவே அவர் அலையைக் கேட்கவைக்க முயலவில்லை. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார். அவற்றின் அதிர்வில் பக்கத்தில் இருந்த முரசும் மணித்தட்டும் தாமாக ஒலித்தன. கண்ணைத் திறந்தால் ஆல்ஃபா தணியும், முரசும் ஓயும். மனிதர் சும்மா இருந்தால்தான் கச்சேரி! ஊர் பார்க்க மேடையில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.

கண் திறந்ததும் ஆல்ஃபா தணிவதை, மனித மூளை அலையை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கரே கவனித்துவிட்டார். அவருடைய முதல் கட்டுரை வந்தது 1929-இல். அதாவது, ஆல்ஃபாவால் ஓவியம் வரைகிறவருக்குத் தன் ஓவியத்தைப் பார்க்கும் கொடுப்பினை இல்லை. பார்க்கத் திறந்த கண்ணே அதைக் கலைத்துவிடும். எவ்வளவு அழகான சிக்கல்! வாசிக்காத ஒருவரைக் கண்மூடி உட்காரவைத்து, அவர் அலை திரையில் எழுந்து அடங்குவதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் வாசித்தால் நான் முதல் வரிசைக்குச் சீட்டு வாங்குவேன். வேகமான பாட்டுக்கு வேகமாகச் சுழலும் வண்ணங்களுக்கு மூளை எதற்கு? மைக் ஒன்று போதுமே.

அடுத்த முறை போனால், நிகழ்ச்சி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கும்போது திரையைக் கவனியுங்கள். தோலைத் தொடாத எலெக்ட்ரோடு சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். மேசையும் ஓவியம் வரைந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.