கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனும் பிணையுமா?

கேள்வி: ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றோடு சேர்ந்த ஹைட்ரஜன் மட்டுமே ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும் என்று படித்திருக்கிறேன். கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடு அவ்வாறு பிணையும் என்கிறார்களே, அது மெய்யான பிணைப்பா? படிகத்தில் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுவதால் தற்செயலாக நேரும் அண்மைதானா?

பதில்: மெய்யான பிணைப்புதான், வலுக் குறைந்தது, அவ்வளவே. கார்பனின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) 2.55, ஹைட்ரஜனுடையது 2.20 என்பதால், அந்த ஹைட்ரஜனில் மிகச் சிறிய நேர்மின் சுமையே தங்குகிறது. ஆனால் கார்பனின் சுற்றுப்புறம் மாறினால் நிலைமையும் மாறும். குளோரோஃபார்மில் மூன்று குளோரின் அணுக்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால், அதிலுள்ள ஒற்றை ஹைட்ரஜன், மீத்தேனில் உள்ளதைவிடப் பன்மடங்கு எளிதாக ஆக்சிஜனை நாடும். 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அசிட்டோனையும் 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோஃபார்மையும் கலந்தால் வெப்பம் வெளிப்படுவதும், தகுந்த விகிதத்தில் அமைந்த கலவை 64 டிகிரியையும் தாண்டிக் கொதிப்பதும் இந்தப் பிணைப்பினால்தான். பள்ளி வேதியியலில் கலவையின் ஆவியழுத்தம் அதன் கூறுகளின் விகிதத்தைப் பொறுத்தது என்னும் ரௌல்ட் விதியின் விலகலுக்கு இதே கலவையை எடுத்துக்காட்டாகத் தந்துவிட்டு, வேறோர் அத்தியாயத்தில் மூன்று தனிமங்களை மட்டும் பட்டியலிடுவது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

தாங்கள் எழுப்பிய ஐயம் அறிவியலாளர்களையும் நெடுங்காலம் பிரித்து வைத்தது. 1962-இல் ஜூன் சூட்டர் என்ற படிகவியலாளர், காஃபின் முதலிய படிகங்களின் எக்ஸ் கதிர்த் தரவுகளைக் கொண்டு இத்தகைய பிணைப்பு உண்டு என்றார். 1968-இல் ஜெர்ரி டோனஹியூ அதை அடியோடு மறுக்கவே, பலரும் அவர் பக்கம் சாய்ந்தனர். எக்ஸ் கதிர்களைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். ஒரே எலக்ட்ரான் உடைய ஹைட்ரஜனின் இடத்தை எக்ஸ் கதிர்களால் துல்லியமாகக் காட்ட இயலாது. அணுக்கருவால் சிதறும் நியூட்ரான்களுக்கு அந்தக் குறை இல்லை. ராபின் டெய்லரும் ஓல்கா கென்னார்டும் 1982-இல் 113 படிகங்களின் நியூட்ரான் தரவுகளை ஆராய்ந்து, இந்த ஹைட்ரஜன்கள் ஆக்சிஜனைத் தேடியே நெருங்குகின்றன என்று காட்டிய பிறகு வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

வலிமையைக் கேட்டால், நீர் மூலக்கூறுகள் இரண்டுக்கு இடையிலான பிணைப்பு மோலுக்குச் சுமார் 5 கிலோ கலோரி என்றால், இது பெரும்பாலும் 2-க்கு உட்பட்டது. இருப்பினும் இது அடிப்படையில் மின்னிலை ஈர்ப்பு என்பதால், தொலைவு கூடும்போது மெதுவாகவே தேய்கிறது. ஆகவே ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் வாண்டர் வால்ஸ் ஆரங்களின் (பிணையாத அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் குறிக்கும் ஆரங்கள்) கூட்டுத்தொகையான சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) எல்லைக்கோடாக வைத்து, அதற்கு அப்பால் பிணைப்பே இல்லை என்பது பொருந்தாது. தொலைவைவிடக் கோணமே நம்பத்தக்க சான்று. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் நேர்கோட்டை ஒட்டி அமைந்தால் பிணைப்பு என்று கொள்ளலாம். கோணம் 110 டிகிரிக்குக் கீழே போனால், அங்கே தாங்கள் சொன்ன தற்செயல் அண்மையைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.