கல்யாணப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். வள்ளிமலையில் தாலி கட்டுவதாக வேண்டுதல். காலையில் அங்கே முகூர்த்தம், அன்று சாயங்காலம் காட்பாடியில் மண்டபம் பிடித்து ரிசப்ஷன். கணவர் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். மூன்று இடத்தில் விசாரித்தேன். மண்டபத்துக்காரர், ‘பந்தல், சமையல், மேளம், போட்டோ எல்லாம் சேர்த்து 7 லட்சம், ஒரே பேக்கேஜ்’ என்கிறார். சென்னை வெட்டிங் பிளானர் ஒருவர், மொத்தச் செலவில் 10 சதவீதம் கட்டணம் கேட்கிறார். உள்ளூர்ப் பையன் ஒருவன், ‘நீங்களே எல்லாரிடமும் பேசி முடிங்கம்மா. கடைசிப் பத்து நாளும் கல்யாணத்தன்றும் நான் பார்த்துக்கிறேன், 60,000 கொடுங்க’ என்கிறான். யாரிடம் கொடுக்கலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, காந்தி நகர், காட்பாடி

பதில்: அம்மா, முதலில் உங்கள் வீட்டில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பாருங்கள். விலை பேசவும் கணக்கு எழுதவும் உங்களுக்குத் தெரியும். சமையல் மாஸ்டரை வரவழைத்துப் பேச நேரமும் இருக்கிறது. இல்லாதது, அன்றைக்கு ஓடியாட ஓர் ஆள். விடியற்காலையில் வள்ளிமலைக்கு வேன் கிளம்ப வேண்டும். அதே நேரத்தில் மண்டபத்தில் பந்தல்காரர் சாமானை இறக்குவார், பால்காரர் வருவார், பெங்களூர் ரயிலில் வந்த சொந்தக்காரர்கள் காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்பார்கள். நீங்களோ பெண்ணின் அம்மா, மணமேடையை விட்டு நகர முடியாது. அதனால் நான் மூன்றாவது ஆளைத்தான் சொல்வேன்.

பேக்கேஜ் தப்பில்லை. துபாயிலிருந்து இருபது நாள் லீவில் வந்து கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் மண்டபத்துக்காரரின் பொறுப்பு மண்டப வாசலோடு முடிந்துவிடும். உங்களுக்குக் கஷ்டமான பாதி மலையில் நடக்கிறது. தவிர, 7 லட்சத்தில் சமையலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று தெரியாது. சாம்பார் தண்ணியாக இருந்தால் எதைக் காட்டிக் குறைக்கச் சொல்வீர்கள்?

சதவீதக் கணக்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. செலவு 12 லட்சம் என்றால் அவருக்கு 1,20,000. அதுவே 15 லட்சமாக ஏறினால் 1,50,000. நமக்காகப் பூக்காரரிடம் பேரம் பேச வேண்டியவருக்கு, பேரம் பேசினால் வருமானம் குறைகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஏற்பாடு நல்லதல்ல. சென்னைக்காரர்தான் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால் ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள். ‘பந்தல்காரர், போட்டோக்காரரிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் உண்டா?’ என்று நேராகக் கேளுங்கள். எல்லாப் பில்லும் உங்கள் பெயரில் வரட்டும், பணம் உங்கள் கையிலிருந்தே போகட்டும்.

இந்தப் பையனிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. உன்னோடு எத்தனை பேர் வருவார்கள்? உங்களுக்கு மலையில் ஒருவர், மண்டபத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். அதே முகூர்த்தத்தில் வேறு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறாயா? நல்ல முகூர்த்த நாளில் இரண்டு இடத்தில் அட்வான்ஸ் வாங்கிவிட்டுத் தம்பியை அனுப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவனே நேரில் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அவன் போனில் காட்டும் மேடை அலங்காரப் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அவன் பார்த்துக்கொள்ளும் கல்யாணம் ஒன்றுக்கு, கடைசிப் பந்தி நடக்கும் நேரத்தில் போய்ப் பின்பக்கம் நின்று பாருங்கள்.

சத்துவாச்சாரியில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு இப்படி ஒருவரைத்தான் அமர்த்தினோம். சமையல் கான்ட்ராக்ட் இலைக்கணக்கு, இலைக்கு 180 ரூபாய். முதல் நாள் ராத்திரி 640 இலை என்று கான்ட்ராக்டர் சொன்னார், எங்களிடம் எதிர்க்கணக்கு இல்லை, கொடுத்துவிட்டோம். மறுநாள் காலை அந்தப் பையன் இலைக்கட்டுகளை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். கட்டுக்கு 100 இலை. ஒவ்வொரு கட்டு வெளியே போகும்போதும் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கிழிந்த இலைகளைத் தனியாக ஒரு கூடையில் போடச் சொன்னான். பந்தி முடிந்து மீதியை எண்ணிக் கழித்தபோது 412 வந்தது. கான்ட்ராக்டர் நோட்டில் 450. சத்தமே போடாமல் அவரைக் கதவுக்கு முன்னால் அழைத்துப் போய் நிறுத்தினான். 38 இலைக்கு 6,840 ரூபாய் குறைந்தது. நீங்கள் சம்பளம் கொடுப்பது இந்த மாதிரிக் கண்ணுக்குத்தான் அம்மா. மண்டபச் சாவி வாங்கும்போதே கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளவும், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறிக்கவும் அவனிடமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகன் கல்யாணத்துக்காகச் சென்னையில் உள்ள ஒரு ஈவென்ட் நிறுவனத்துக்கு 1 லட்சம் அட்வான்ஸ் அனுப்பினேன். பெண் வீட்டில் ஒரு துக்கம், கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. தேதிக்கு ஐந்து மாதம் முன்பே சொல்லியும், அட்வான்ஸ் திரும்பாது என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. சென்னைக்கு அலைய வேண்டுமா?
- ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: அலைய வேண்டாம் ஐயா. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கடிதம். ‘என் தேதிக்காக இதுவரை யாருக்கு, என்ன செலவு செய்தீர்கள்? ரசீதோடு காட்டுங்கள், மீதியைத் திருப்புங்கள்’ என்று எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். உண்மையாகவே செலவு செய்திருந்தால் அந்தத் தொகையை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். முழுசும் வரும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஐந்து மாதம் முன்பே சொல்லிவிட்ட பிறகு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டோம் என்பது அநியாயம். ஒப்பந்தம் இல்லையே என்று கலங்காதீர்கள். பணம் போன வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப்பில் பேசியது, எல்லாம் சாட்சி. எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து ஒரு கேள்வி போனாலே இறங்கி வரும் நிறுவனங்கள் உண்டு.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்கிறார் எங்கள் பிளானர். ஒப்புக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் பிடி. அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 15 எழுத்து எண் ஒன்று இருக்கும். பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வாங்கவே கூடாது, அப்போது சாதாரண ரசீது போதும். பதிவு இருந்தால், பேசிய தொகை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.