ஆடியில் ஒரு கேள்வி பதில்: சிறிய ஸ்டூடியோக்காரர்களுக்கு

ஆடியில் முகூர்த்தம் இல்லை, கணக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. கேளுங்கள். எந்த கேமரா நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நெல்லிக்குப்பம்: அண்ணா, அடுத்த தைக்குள் கல்யாண ஆர்டர்களை இரட்டிப்பாக்குவது என் இலக்கு. சரிதானே?

தம்பி, ஆர்டர் இரட்டிப்பானால் முடிக்காத ஆல்பங்களும் இரட்டிப்பாகும். நல்ல முகூர்த்தத்தன்று திருவந்திபுரத்தில் ஒரே காலையில் வரிசையாகத் தாலி கட்டுகிறார்கள். நீங்கள் எத்தனை இடத்தில் நிற்பீர்கள்? நாள் கணக்குப் போடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடியோக்காரர், உதவியாளர், ஆல்பம் அச்சு, வண்டி எல்லாம் 38,000 போக மீதி 22,000. படம் எடுக்க 2 நாள், தேர்வு, திருத்தம், வடிவமைப்புக்கு 9 நாள். ஆக நாளுக்கு 2,000. வடிவமைப்பை 4,000 கொடுத்து வெளியே செய்யச் சொன்னால் மீதி 18,000 ஆகக் குறையும். ஆனால் படம் எடுக்கும் 2 நாளையும் சேர்த்து வேலை 6 நாளில் முடிந்தால் நாளுக்கு 3,000. உங்கள் நாள் கூலி ஏறிவிட்டது, ஆல்பமும் சீக்கிரம் போய்ச் சேருகிறது. இலக்கு என்றால் இந்த 3,000தான். கேமராவின் தேய்மானத்தை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்துப் பாருங்கள், தூக்கம் வராது.

லாஸ்பேட்டை: தொழிலை உயர்த்த நல்ல லென்ஸ் ஒன்று தவணையில் வாங்கலாமா?

வேண்டாம். ஆடிக்கும் மார்கழிக்கும் தவணை விடுமுறை எடுக்காது. வாடகைக்கு எடுங்கள்.

அரியாங்குப்பம்: நான் புதுச்சேரி, தமிழ்நாட்டுப் பக்கம் கடலூரில் ஆர்டர் பிடிக்க நினைக்கிறேன். எல்லை தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாமே?

சேவைக்கு அப்படி இல்லை. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், வெளிமாநிலத்தில் செய்யும் சேவைக்கும் 2017 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மொத்த வரவு என்றேன், லாபம் என்று சொல்லவில்லை. ஃபிரேம்களைத் தனியாக விற்றால் அது சரக்கு. அதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பண்ருட்டி: அண்ணா, வட்டியில்லாத் தவணையில் லென்ஸ்...

லாஸ்பேட்டைக்குச் சொன்னதே உங்களுக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்: புது வாடிக்கையாளர் வேண்டும் என்று மணமக்கள் படத்தை விளம்பரப் பலகையில் போட்டேன். பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்?

இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். பலகையை இன்றே இறக்குங்கள்.

முத்தியால்பேட்டை: இது அநியாயம். வெயிலில் நின்று எடுத்தவன் நான், உரிமை அவர்களுக்கா? எடுத்தவனுக்கே உரிமை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எல்லோரும் வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். இங்கே காசு வாங்கி எடுத்த படத்துக்கு நம் சட்டம் இதுதான். ‘ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற சொற்களை விட்டுவிட்டீர்களே! முன்பணம் வாங்கும்போது ரசீதின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு, விளம்பரத்துக்குச் சம்மதம்.

முத்தியால்பேட்டை: கையெழுத்துக் கேட்டால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். நண்பனுக்கு இலவசமாக எடுத்த படத்துக்குமா இந்தச் சட்டம்?

காசு வாங்காததால் அது உங்களுடையது. ஆனால் கேட்காமல் மாட்டினால் நட்பு போய்விடும். கையெழுத்துக்குப் பயந்து ஓடும் வீட்டார் மீதிப் பணத்துக்கும் அலையவிடுவார்கள், போகட்டும்.

வில்லியனூர்: மூலக் கோப்புகளையும் கொடுக்க வேண்டுமா?

பேசிக்கொண்டபடி. அதையும் அந்த ரசீதிலேயே எழுதுங்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரண்டு வேறு ஹார்ட் டிஸ்கில் நகல் இருக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம்: ஆடித் தள்ளுபடியில் லென்ஸ்...

தள்ளுபடியிலும் வேண்டாம். லென்ஸ் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

பரங்கிப்பேட்டை: ஆடி முழுவதும் கடை காலியாக இருக்கிறது. இந்த மாதத்துக்கு என்ன இலக்கு வைப்பது?

பரங்கிப்பேட்டையில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? முஸ்லிம் வீட்டு நிக்காஹ்வுக்கு ஆடி ஏது? புதுச்சேரி தேவாலயங்களிலும் தவக்காலத்தைப் பார்ப்பார்களே தவிர ஆடியைப் பார்ப்பதில்லை. உங்கள் மாதிரி ஆல்பத்தைப் புரட்டுங்கள், அதில் நிக்காஹ் படம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் தெரு வீடுகளில் ஒன்றில் கேட்டு, குறைந்த கட்டணத்துக்கு ஒன்று எடுங்கள். பெண்கள் பகுதிக்குப் பெண் ஒளிப்படக்காரர் வேண்டும் என்பார்கள். அவரை இப்போதே பேசி வையுங்கள்.