அண்ணனும் தம்பியும் இப்போது என்ன செய்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'அனெட்' படம் பார்த்தேன். தொடக்கக் காட்சியில் ஸ்டுடியோவில் பாட ஆரம்பித்து, பாடிக்கொண்டே தெருவுக்கு வருகிறவர்களில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். படத்தின் கதையையும் இசையையும் எழுதிய ஸ்பார்க்ஸ் சகோதரர்கள் அவர்கள்தான் என்று பிறகுதான் தெரிந்தது. 1970களிலிருந்து பாடுகிறார்களாமே! இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? இந்த வயதில் பழைய ஹிட் பாடல்களை வைத்து மேடை ஏறுவதுதானே வழக்கம்? புதிதாகச் செய்திருந்தாலும் அதைக் கேட்க வேண்டுமா, பழையது போதுமா?

உங்கள் வாசகன்,
ச.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேளுங்கள். புதியதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

2025 மே மாதம் 'மேட்!' என்ற ஆல்பம் வந்தது. அந்த ஆகஸ்டில் அண்ணன் ரான் மேய்லுக்கு 80 வயது நிறைந்தது. தம்பி ரஸ்ஸல் மூன்று வயது இளையவர். ஆல்பம் வந்த கையோடு ஜப்பானில் கச்சேரிகளைத் தொடங்கி, ஐரோப்பா போய், அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். அக்டோபரில் 'மேடர்!' என்று இன்னொரு நான்கு பாட்டு. நடுவில் செப்டம்பரில் கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவோடு ஒரு பாட்டு. அந்தப் பாட்டு உள்ள 'தி மவுன்டன்' ஆல்பத்தில் ஆஷா போஸ்லேயும் அனுஷ்கா ஷங்கரும் இருக்கிறார்கள் என்பது நமக்குக் கூடுதல் சந்தோஷம்.

'மேட்!' ஆல்பத்தில் லாஸ் ஏஞ்சலஸின் 405ஆம் நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தினமும் மாட்டிக்கொண்டு திட்டித் தீர்க்கும் சாலை அது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் பேர்சொல்ல ஒரு நதி இருக்கிறது, எங்களுக்கு இருப்பது இதுதான் என்று, அந்தச் சாலையையே நதியாக்கிப் பாடுகிறார்கள். ஒரு நாள் இரவு வேலை முடிந்து ஹெட்போனில் கேட்டேன். தந்தி வாத்தியங்கள் பின்னாலிருந்து விரட்ட, ரஸ்ஸலின் குரல் மேலே மேலே போகிறது. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வைத்தேன். பிறந்து வளர்ந்த ஊரை இத்தனை வருடம் பார்த்த பிறகும் அதில் ஒருவருக்குப் புதிதாக ஒன்று கண்ணில் படுகிறதே, அது சின்ன விஷயமில்லை.

அவர்கள் வேலை செய்யும் முறையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ரஸ்ஸலின் வீட்டிலேயே ஸ்டுடியோ. ரான் அங்கே வருவார். பெரும்பாலும் ரான் எழுதுவார், கீபோர்டு வாசிப்பார். ரஸ்ஸல் பாடுவார், ஒலிப்பதிவையும் பார்த்துக்கொள்வார். வேலைக்குப் போகிற மாதிரிதான், அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். நம் இரட்டைப் புலவர்களில் ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பார் என்பார்கள் இல்லையா, எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

மேடையில் ரானைக் கவனியுங்கள். கீபோர்டின் பின்பக்கம் 'ரோலண்ட்' என்று கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எழுத்துகளை இடம் மாற்றி 'ரொனால்ட்' என்று தன் பெயரை வைத்திருப்பார். டை கட்டி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் எழுந்து வந்து, கைகளை வீசிச் சில நொடிகள் ஆடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். அரங்கமே அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருக்கும்.

பழைய பாடல்களை அவர்கள் ஒதுக்குவதில்லை. 2008இல் லண்டனில் அதுவரை வந்த 21 ஆல்பங்களையும் இரவுக்கு ஒன்றாக 21 இரவுகளில் முழுக்க வாசித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் திரும்பப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்த இருபதும் எதற்கு? இருபத்தொன்றாவது இரவில் அப்போதுதான் வந்த புது ஆல்பத்தை வைப்பதற்கு!

சரி, நீங்கள் படம் வழியாக வந்தவர். அதனால் சினிமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருவரும் கல்லூரி நாட்களிலிருந்தே சினிமாப் பைத்தியங்கள். 1974இல் இங்கிலாந்தில் பெரிய வெற்றி கிடைத்த கொஞ்ச நாளில், பிரெஞ்சு நகைச்சுவைப் பட மேதை ழாக் தாத்தி தன் அடுத்த படமான 'கன்ஃப்யூஷன்' படத்தில் நடிக்க இவர்களைக் கூப்பிட்டார். ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து சேரும் அமெரிக்கர்களாக இருவரும் நடிப்பதாக ஏற்பாடு. தாத்தியின் உடல்நலமும் பணக் கஷ்டமும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டன. 1982இல் அவர் காலமானார்.

அப்புறம் 'மாய்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை இசைப்படமாக்க ஆறு வருடம் உழைத்தார்கள். டிம் பர்ட்டன் இயக்குவதாக இருந்தது. அதுவும் நடக்கவில்லை. 1988க்கும் 1994க்கும் நடுவே ஸ்பார்க்ஸ் பெயரில் ஒரு ஆல்பம்கூட இல்லை. பாட்டுகளெல்லாம் எழுதி முடித்து, படம் கைவிட்டுப் போன பிறகு, மறுபடி காலையில் எழுந்து அதே கீபோர்டுக்கு முன்னால் போய் உட்கார எவ்வளவு மனத்தெம்பு வேண்டும்! அவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு வருடம்தான் முதலில் வருகிறது.

நீங்கள் பார்த்த 'அனெட்' அதற்கெல்லாம் பிறகு வந்தது. முதலில் அதை ஒரு ஆல்பமாகத்தான் எழுதினார்கள். பிரெஞ்சு இயக்குநர் லியோஸ் காராக்ஸைக் கான் திரைப்பட விழாவில் சந்தித்து, பிறகு அனுப்பிவைத்தார்கள். 2021 ஜூலையில் கான் விழாவே அந்தப் படத்தோடுதான் தொடங்கியது. காராக்ஸுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. இசைக்காகச் சகோதரர்கள் அடுத்த ஆண்டு பிரான்ஸின் சேசார் திரைப்பட விருது வாங்கினார்கள். ரானுக்கு அப்போது 76.

இப்போது கையில் இருப்பது 'எக்ஸ் குரூசியார்' என்ற இன்னொரு இசைப்படம். கதையும் பாட்டும் அவர்களுடையவை. இயக்கப் போவதாக அறிவிக்கப்பட்டிருப்பவர் ஜான் வூ. ஆமாம், இரண்டு கையிலும் துப்பாக்கி, பறக்கும் புறாக்கள், அதே ஹாங்காங் ஜான் வூதான். அவர் 1946இல் பிறந்தவர், கிட்டத்தட்ட ரானின் வயது. கையில் நேரம் குறைவு என்று தெரிந்தும், இந்த வயதில் மூன்று பேரும் இதுவரை செய்யாத ஒரு சேர்க்கையைத் தேடிப் போகிறார்கள். நான் இப்போது எதிர்பார்த்துக் காத்திருக்கும் படம் இதுதான்.

நீங்கள் முதலில் 'மேட்!' கேளுங்கள். பிறகு 1976இல் வந்த 'பிக் பீட்' ஆல்பத்தை எடுத்து, அதில் 'கன்ஃப்யூஷன்' என்ற பாட்டை வையுங்கள். தாத்தியின் அந்தப் படத்துக்காக இவர்கள் எழுதிய தலைப்புப் பாட்டு அது.