தகுதிச்சுற்று வெற்றிகளை வைத்து ஓர் அணியின் வாய்ப்பைக் கணிக்கலாமா?

"தகுதிச்சுற்றில் அசத்திய அணிதானே கோப்பையையும் வெல்லும், பிறகு ரசிகர்கள் ஏன் இவ்வளவு வாதிடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கால்பந்தில் அந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருப்பதுதான் வாதத்துக்கே காரணம்.

2018 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஜெர்மனி தன் 10 ஆட்டங்களையும் வென்று 43 கோல்களைக் குவித்தது. நடப்புச் சாம்பியனும் அதுவே. ஆனால் ரஷ்யாவில் மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்று, தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது. கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், கோல் தேடி எதிரணியின் பாதிக்கே ஓடிவிட்ட கோல்கீப்பர் நோயர் அங்கே பந்தைப் பறிகொடுக்க, காவலற்றுக் கிடந்த வலைக்குள் சோன் ஹியுங்-மின் அதைத் தட்டிவிட்டார்.

தகுதிச்சுற்று பல மாதங்கள் நீள்வதால் ஒரு சறுக்கலைச் சரிசெய்ய அவகாசம் உண்டு. பிரிவுச் சுற்றிலோ மூன்றே ஆட்டங்கள். கோல்கள் அரிதாக விழும் விளையாட்டில் ஒரே ஒரு தலைமுட்டு முடிவை மாற்றிவிடும். 2004 ஐரோப்பியக் கோப்பையில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்று வென்றது, மூன்று கோல்களும் தலையால் முட்டியவை. (அதற்கு முன் பெருந்தொடர்களில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாத அணி அது!)

நட்புமுறை ஆட்டங்களின் முடிவுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனெனில் பயிற்சியாளர்கள் அவற்றைச் சோதனைக்களமாகவே பயன்படுத்துகிறார்கள். தற்காப்பு வரிசை எவ்வளவு காலமாக ஒன்றாக ஆடுகிறது, முக்கிய வீரர்கள் கிளப் பருவத்தைக் காயமின்றி முடித்தார்களா என்பவற்றையே முதலில் பார்ப்பேன்.