பிக்காசோவின் நாடோடி வித்தைக்காரர்கள்

கேள்வி: பிக்காசோவின் ‘சால்டிம்பாங்க் குடும்பம்’ ஓவியத்தில் யாரும் அழவில்லை, துயரமான நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தால் மனம் கனத்துப்போவது ஏன்?

பதில்: ஊர் ஊராகச் சென்று தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர்களைத்தான் பிரான்சில் சால்டிம்பாங்க் என்பார்கள். அத்தகைய ஆறு பேரை 1905இல் பாரிஸில் இருந்தபடி பிக்காசோ வரைந்தார். கட்டம் போட்ட உடையில் நெடிய அர்லெக்கான் (பழைய நகைச்சுவை நாடகங்களில் வரும் ஒரு வேடம்), சிவப்பு உடையில் பருத்த கோமாளி, இரண்டு பையன்கள், பூக்கூடையுடன் முதுகு காட்டி நிற்கும் சிறுமி, வலப்புறம் தொப்பி அணிந்து தனியே அமர்ந்திருக்கும் பெண் என அனைவரும் ஒரே ஓவியத்தில் இருந்தும், அவர்களின் பார்வைகள் எங்குமே சந்தித்துக்கொள்வதில்லை. அர்லெக்கான் சிறுமியின் கையைப் பற்றியிருக்கிறான். அந்தப் பிடியிலும் பேச்சு இல்லை.

பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் இருந்த மெத்ரானோ சர்க்கஸுக்கு அந்நாட்களில் பிக்காசோ அடிக்கடி போய்வந்தார். அங்கே விளக்கும் கூட்டமும் கைதட்டலும் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட ஓவியத்துக்குள் விடாமல், புல்பூண்டற்ற வறண்ட வெளியில் இவர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வித்தை காட்டுகிறவனிடமிருந்து பார்வையாளனை எடுத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது உடை மட்டும்தான். நம் மனத்தை அழுத்துவது அந்த வெறுமையே என்பது என் கருத்து. ஆகவே இதை ஏழ்மையின் ஆவணமாகப் படிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பசியைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் நீல நிற ஓவியங்களிலேயே அதை அவர் இன்னும் பச்சையாகச் செய்திருந்தார். இந்த அமைப்பு ஒரே மூச்சில் வந்ததும் அல்ல. மேல்வண்ணத்துக்கு அடியில் முந்தைய வரைவுகள் புதைந்திருப்பதை எக்ஸ்ரே ஆய்வு காட்டியிருக்கிறது.

கேள்வி: அந்த அர்லெக்கான் பிக்காசோவேதான் என்கிறார்களே?

பதில்: முகச்சாயல் அவருடையதுதான் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 23 அல்லது 24; ஸ்பெயினிலிருந்து வந்து, கையில் காசில்லாமல் பாரிஸில் ஒண்டியிருந்த அந்நியர். தம்மையும் நாடோடிகளில் ஒருவராக எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. 1908இல் 1,000 பிராங்குக்கு வாங்கப்பட்ட இதே ஓவியம், 1914ஆம் ஆண்டு பாரிஸ் ஏலத்தில் 11,500 பிராங்குக்கு விலைபோனது. செஸ்டர் டேல் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரின் கொடையாக வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தை அடைந்து, இன்றும் அங்கேயே இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமும் அகலமும் கொண்டது என்பதால், அச்சுப் படத்தில் பார்ப்பதை மட்டும் வைத்து அதன் கனத்தை அளந்துவிட வேண்டாம்.