அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களுக்குப் பிடித்த விஞ்ஞானி யார்?

அடோல்ஃபோ டி போல்ட். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவன். ஓமோன் பாடம் வரும்போதெல்லாம் இந்த மனுசனின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. "சேர், இது பேப்பரில வருமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெயர் வராது, அவர் கண்டுபிடித்தது வரலாம்.

ஆர்ஜென்டீனாவில் 1942இல் பிறந்தவர். கோர்டோபாவில் படித்துவிட்டு 1968இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் கையிலெடுத்தது மற்றவர்கள் பார்த்துவிட்டு விட்டுப்போன ஒரு விஷயம். இதயத்தின் சோணையறை (மேலறை) தசைக் கலங்களுக்குள் சின்னச் சின்ன மணிகள் இருப்பதை 1956இலேயே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டிருந்தார்கள். 1964இல் ஜேமிசனும் பலாடேயும் (பலாடே பிறகு நோபல் வாங்கியவர்) அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பார்த்தால் ஓமோன் சுரக்கும் கலங்களில் இருக்கும் மணிகள் மாதிரியே இருந்தன. இரத்தத்தைத் தள்ளுகிற உறுப்புக்கு அவை எதற்கு?

டி போல்ட் பத்து வருடத்துக்கு மேல் அந்த மணிகளோடேயே மினக்கெட்டார். எலிகளின் உடலில் உப்பும் தண்ணீரும் கூடிக் குறையும்போது மணிகளும் மாறுவதைக் கண்டார். பிறகு எலியின் சோணையறைத் திசுவை அரைத்துச் சாறெடுத்து, இன்னொரு எலியின் நாளத்தில் ஏற்றினார். சிறுநீரில் வெளியேறும் சோடியம் 30 மடங்குக்கு மேல் எகிறியது. சிறுநீரின் அளவு 10 மடங்கானது, இரத்த அழுத்தமும் இறங்கியது. இதயவறை (கீழறை) திசுவின் சாற்றை ஏற்றினால் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவ்வளவுதான் பரிசோதனை. என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பொடியனுக்கும் விளங்கும், எனக்கு அதில் பிடித்ததே அதுதான். 1981இல் கட்டுரை வெளிவந்தது. இதயமும் ஓர் ஓமோன் சுரப்பி என்று அதன் பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த ஓமோன்தான் 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஏஎன்பி. 1988இல் ஜப்பானியர்கள் அதன் உறவான பிஎன்பியைக் கண்டுபிடித்தார்கள்.

டி போல்டுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2021இல் காலமாகிவிட்டார், இனிக் கிடைக்கவும் வழியில்லை. இது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம்.

சரி, இதயச் செயலிழப்பு வந்தவரின் இரத்தத்தில் இந்த ஓமோன்கள் நிறையவே இருக்கும். பிறகேன் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது? மறுபக்கத்தில் ரெனின், அஞ்சியோடென்சின், அல்டோஸ்டெரோன் என்று ஒரு கூட்டமே உப்பைப் பிடித்து வைக்க நிற்கிறது. கயிறிழுப்பில் பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான் வெல்கிறது. அப்படியென்றால் பிஎன்பியைச் செயற்கையாகச் செய்து ஏற்றிவிடலாமே என்று பார்த்தார்கள். 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளில் செய்த ஆய்வு 2011இல் வந்தது. இறப்பும் குறையவில்லை, திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவதும் குறையவில்லை. உடம்பே சுரக்கும் ஓமோனைச் சிதைக்கிற நெப்ரிலைசின் என்ற நொதியத்தைத் தடுத்து, கூடவே அஞ்சியோடென்சினையும் மறித்தபோதுதான் கதை மாறியது. அதுதான் சகுபிட்ரில்-வல்சார்டன் குளிசை. 8,442 பேரில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், பழைய மருந்தான எனலப்ரிலோடு ஒப்பிடும்போது, இதய நோயால் இறப்பது அல்லது இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது 20 சதவீதம் குறைந்தது.

தெகிவளையில் இருக்கிற என் மாமாவும் இந்தக் குளிசைதான் எடுக்கிறார். தொடங்கிக் கொஞ்ச நாளில், டொக்டரிடம் கேளாமல் தானே போய் பிஎன்பி இரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார். எண் முன்பை விடக் கூட. இரவோடிரவாக எனக்குக் கோல்: "தம்பி, இந்த மருந்து எனக்கு ஒத்துவரேல்லை, நிப்பாட்டப் போறன்." நிப்பாட்ட வேண்டாம், முதலில் டொக்டரிடம் கேளுங்கோ என்றேன். நெப்ரிலைசின் சிதைக்கிற பொருள்களில் பிஎன்பியும் ஒன்று. நொதியத்தைத் தடுத்தால் அது இரத்தத்தில் கூடத்தான் செய்யும், அதை வைத்து நோய் முற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. பிஎன்பி உருவாகும்போது கூடவே பிரிந்து வருகிற என்டி-ப்ரோபிஎன்பி என்ற மற்றத் துண்டை அந்த நொதியம் தொடுவதில்லை. டொக்டர் அதைத்தான் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அது குறைந்திருந்தது.

இந்தக் குளிசை எடுப்பவர்கள் இந்த இரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன், டொக்டர் தந்த துண்டில் எழுதியிருப்பது பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.